பழைய மில்லில் ஒரு மோட்சக் கூத்து

காலை ஒன்பது மணிக்குப் பரிமளா பழைய மில்லின் கேட்டைத் திறக்க வந்தபோது, வாசலில் மூன்று பேர் ஆளுயரச் சாமந்தி மாலையோடு நின்றிருந்தார்கள்.

மாலையைப் பார்த்ததும் அவள் ஃபோனை எடுத்துத் தேதியைப் பார்த்தாள். இன்றைக்கு ஏதாவது விழா வைத்துவிட்டு மறந்துபோய்விட்டோமா? இந்த இரண்டு வருடத்தில் அப்படியும் ஒருமுறை நடந்திருக்கிறது.

“எப்பம்மா ஆச்சு?” என்றார் மூவரில் மூத்தவர்.

“எதுங்க?”

“ஒரு வார்த்த சொல்லி அனுப்பலியே. கலசப்பாக்கம் இன்னா கடல் தாண்டியா கீது? பஸ் ஸ்டாண்டுல போஸ்டரப் பாத்துதான் தெரிஞ்சிகினோம். அதுக்குள்ள பதினாறாம் நாளே வந்துடுச்சு.”

“யாருக்குங்க பதினாறு?”

மூத்தவர் மற்ற இருவரையும் பார்த்தார். பாவம், துக்கத்தில் பேசுகிறாள் என்பது போல அவர்கள் தலையாட்டினார்கள்.

“மொதலாளிக்குத்தாம்மா. நம்ம லோகநாதன் மொதலாளிக்கு. முப்பது வருஷம் இந்த மில்லுக்குத்தான் நெல்லு கொண்டாந்தோம்.”

மில்லுக்குச் சொந்தக்காரரான லோகநாதன் நேற்றுச் சாயங்காலம்தான், தண்ணீர் மோட்டாரை அணைக்காமல் போனதற்காக ஃபோனில் பரிமளாவை அரை மணி நேரம் வறுத்தெடுத்திருந்தார். செத்துப் பதினாறு நாள் ஆனவர் அப்படித் திட்ட முடியாது.

“ஐயா நல்லா இருக்காருங்க” என்றாள். “நேத்துகூடப் பேசினாரு.”

“அப்ப அது?” என்று எதிர்ப்புறம் கை காட்டினார் மூத்தவர்.

எதிரே உரக்கடைச் சுவரில் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிக்கான போஸ்டர் ஒட்டியிருந்தது. முந்தின நாள் அவளோடு வேலை செய்யும் கிரண் அனுப்பியபோது ஃபோனில் கட்டைவிரல் அளவில் பார்த்துவிட்டு, ‘சரி’ என்று பதில் போட்டிருந்தாள். இப்போதுதான் ஆள் உயரத்தில் பார்க்கிறாள். கறுப்புப் பின்னணி. நடுவில் லோகநாதனின் படம், வெள்ளைச் சட்டை, லேசான சிரிப்பு. தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். கீழே கொட்டை எழுத்தில்: ‘மோட்சக் கூத்து. பெரணமல்லூர் வேடியப்பன் வாத்தியார் குழுவினர். ஞாயிறு காலை பத்து மணி. பழைய மில். அனைவரும் வருக.’

பரிமளா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

மில் மூடிப் பதினைந்து வருடம் ஆயிற்று. சென்னையிலிருக்கும் ஓர் அறக்கட்டளை அதை வாடகையில்லாமல் வாங்கிக் கணினிகள் வைத்து, மேடை கட்டி, ‘ஆரணி கலை நுட்பக் கூடம்’ என்று பெயர்ப்பலகை மாட்டியது. ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. பழைய மில் என்றால்தான் ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்த பரிமளாவை இதற்குப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். பொறுப்பாளர் என்றால் கேட் திறப்பது, கழிவறைக் குழாய்க்கு ஆள் பிடிப்பது, வெம்பாக்கத்திலிருந்து வந்த பிள்ளைகள் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டால் வண்டி ஏற்பாடு செய்வது, எல்லாவற்றுக்கும் மேலாக, மாதா மாதம் இருபதாம் தேதிக்குள் அடுத்த நிகழ்ச்சிகளின் பட்டியலைச் சென்னைக்கு அனுப்புவது.

இந்த மாதப் பட்டியல் இப்படி இருந்தது: ஞாயிற்றுக்கிழமை கூத்து, கூடவே தறிச் சத்தங்களைப் பதிவு செய்யும் ஹேமநாத்தின் ‘தறி ஒலி’ கண்காட்சித் திறப்பு. அடுத்த வாரம் அரசுப் பள்ளிப் பெண்கள் செய்த ரோபோக்கள். அதற்கடுத்த வாரம் பொம்மலாட்டம். கடைசி வாரம் புகைப்படக் கண்காட்சி. கண்காட்சிக்குப் படங்கள் வந்திருந்தன, மாட்ட ஆணி வரவில்லை. பொம்மலாட்டக்காரர் வருவதாகச் சொன்னார், பொம்மைகள் வேறொருவரிடம் இருப்பதாகவும் சொன்னார். ரோபோக்களில் ஒன்று நேராகப் போகாது. பட்டியலில் எல்லாம் அழகாக இருக்கும். பட்டியலைத் தாண்டி உள்ளே போனால்தான் பரிமளாவின் முழங்கால் வலிக்க ஆரம்பிக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு கையெழுத்து இருந்தது. மில்லைப் பயன்படுத்திக்கொள்ள லோகநாதன் எழுதிக் கொடுத்த பத்திரம் இந்த வாரத்தோடு முடிகிறது. வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்துப் புதுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார். போடாவிட்டால் கூடம் காலி.

கேட்டைத் திறந்து, மாலைக்காரர்களை ஒருவழியாக அனுப்பிவிட்டு உள்ளே போனால், அதற்குள் வந்துவிட்ட பச்சையம்மாள் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். பெரணமல்லூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள்.

“பச்சையம்மா, மோட்சக் கூத்துன்னா இன்னா?”

பச்சையம்மாள் துடைப்பத்தை நிறுத்தினாள். “கருமாதிக் கூத்தும்மா. செத்தவங்களுக்குப் பதினாறாம் நாளு ஆடுவாங்க. சண்டையில அடிபட்டு வுழுந்து கெடக்கிறவரு மோட்சம் போறாப்ல வரும். அவரோடவே நம்ம வூட்டு ஆளும் போயிடுவாங்கன்னு நம்பிக்க.”

“திறப்பு விழாவுக்கு ஆட மாட்டாங்களா?”

“தெறப்பு விழாவுக்கா?” பச்சையம்மாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா, பதறுகிறாளா என்று தெரியவில்லை.

“உனக்குத் தெரியும்ல? ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கலியேம்மா. படிச்சவங்க செய்யிறீங்க. பெரியவருக்கும் வயசாச்சு, முன்கூட்டியே ஏதோ பண்ணி வச்சிக்கிறாரு போலன்னு இருந்துட்டேன்.”

பரிமளாவுக்குக் கோபப்படவும் தெம்பில்லை. அவள் பிறந்தது ஆரணி நெசவுத் தெருவில். அங்கே கல்யாணமும் தெரியும், கருமாதியும் தெரியும், ஆனால் கருமாதிக்குக் கூத்து வைக்கிற வழக்கம் கிடையாது. கிரணும் அதே தெருதான், அதிலும் ஆறு வருடம் பெங்களூரில் வெளிச்சமும் ஒலியும் அமைக்கிற வேலை. கூத்துக் குழுவின் பட்டியலில் இருந்த எட்டுக் கதைகளில் இதுதான் சிறியது, மூன்று மணி நேரத்தில் முடியும் என்று அவன்தான் தேர்ந்தெடுத்தான். படம் பெரிதாக இருக்கவேண்டும் என்று சொன்னது சென்னை. இடம் கொடுத்தவரைக் கௌரவிக்க வேண்டுமாம்.

கிரண் பத்து மணிக்கு வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “அதனாலதான் வாத்தியார் பகல்லதான் ஆடுவேன்னு பிடிவாதமா சொன்னாராக்கா? நான் லைட்டுக்காக ஜன்னல் எல்லாத்துக்கும் கறுப்புத் துணி கட்டிட்டேனே” என்றான்.

பரிமளா நிமிர்ந்து பார்த்தாள். மில் முழுக்கக் கறுப்புத் துணி தொங்கிக்கொண்டிருந்தது.

லோகநாதன் பதினொரு மணிக்கு வந்தார். எழுபத்தாறு வயதில் அவ்வளவு வேகமாகக் காரிலிருந்து யாரும் இறங்கி அவள் பார்த்ததில்லை.

“ஏம்மா பரிமளா! நான் உயிரோட கீறது ஒனக்கு இன்னா பண்ணுது?”

“ஐயா, தெரியாம...”

“காலைல ஆறு மணிலேர்ந்து ஃபோனு. நான் எடுத்து ‘அலோ’ன்னா, ‘யாரு, பெரிய பையனா?’ன்றான். ‘நான்தாண்டா’ன்னா அந்தப் பக்கம் பயந்து வச்சிடறான். செய்யாறு சம்பந்தி வூட்ல வேன் பேசிட்டாங்க. எங்கூட்டுக்காரி பூ வச்சிக்கவா வேணாமான்னு என்னையே கேக்கறா!”

கிரண் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. அதோடு எல்லாம் கெட்டது.

“சிரி! நல்லா சிரி! தலைக்குப் பின்னால வட்டம் வேற போட்டிருக்க. சாமியாக்கிட்டியா என்ன? இதோ பாரும்மா. சாயங்காலத்துக்குள்ள ஒரு போஸ்டர் சுவத்துல இருக்கக் கூடாது. அந்தக் கூத்தும் நடக்கக் கூடாது. அப்பறம்தான் கையெழுத்தப் பத்திப் பேச்சு. இல்ல, சாவியக் கொண்டாந்து குடுத்துட்டுப் போயிகினே இரு.”

கார் போன பிறகு பரிமளா மேடைப் படியில் உட்கார்ந்தாள். சாவியைக் கொடுத்துவிட்டால் என்ன? அந்த எண்ணம் மெத்தையைப் போல அவளுக்கு முன்னால் விரிந்தது. கொடுத்துவிட்டால் தூங்கலாம். ஆணி வாங்க வேண்டாம். பொம்மைகளைத் தேட வேண்டாம். பிறகு, சனிக்கிழமைதோறும் சோற்று டப்பாவோடு வந்து கணினிக்கு முன்னால் வரிசை கட்டும் வெம்பாக்கத்துப் பெண்களின் முகம் நினைவுக்கு வந்தது. எழுந்து வேடியப்பனுக்கு ஃபோன் போட்டாள்.

வேடியப்பன் வாத்தியார் ஃபோனில் பேசுகிறவர் இல்லை. மூன்று மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கறுத்து ஒடிசலான மனிதர். காது மடலின் ஓரத்தில் நேற்றைய அரிதாரம் இன்னும் மிச்சமிருந்தது.

“நிறுத்தறதா?” என்றார். “எப்பிடிம்மா நிறுத்தறது? தாம்பூலம் வாங்கியாச்சே.”

“அத திருப்பிக் குடுத்துடுங்க வாத்தியாரே.”

“வெத்தல பாக்கு திருப்பிக் குடுக்கிற பொருளா? கல்யாணக் கூத்தா இருந்தா வேற கதைக்கு மாத்திடலாம். இது மோட்சம். பாக்கு வாங்கி, கிரீடத்துக்குப் பூச போட்டு, நாளு குறிச்சாச்சு. இனிமே யாரோ ஒரு ஆத்மாவுக்கு ஆடியே ஆவணும். ஆடலைன்னா எங்க குழுவுல ஒருத்தன் கணக்கு தீந்துடும். எங்கப்பா காலத்துல அப்பிடி ஆயிருக்கு.”

“ஆனா ஐயா உயிரோட இருக்காரே!”

“அதான் எனக்கும் பேஜாரா கீது. தாம்பூலம் குடுக்க வந்தப்ப இந்தத் தம்பி கண்ணு கலங்காம நின்னாரு, செல்ஃபிகூட எடுத்துகினாரு. டவுனுக்காரங்க, அவங்க துக்கம் அப்பிடின்னு வுட்டுட்டேன்.” வேடியப்பன் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். “பெரிய எடம். பழைய எடம். இங்க செத்தவங்க யாருனா இல்லாமயா பூடுவாங்க? ஒரு பேரு சொல்லுங்க. அவங்களுக்கு ஆடிடறோம்.”

கிரணின் முகம் மலர்ந்தது. “அக்கா, ஐயாவோட அம்மா! மில்ல ஆரம்பிச்சதே அவங்கதான்னு சொல்லுவாருல்ல? அவங்க பேரு போட்டுப் புதுப் போஸ்டர் அடிச்சிடலாம். ஐயா குளுந்துடுவாரு. உடனே கையெழுத்து.”

பரிமளாவுக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. யாருக்கும் நஷ்டமில்லை. ஒரே ஒரு போஸ்டரோடு போய்விடும். வேடியப்பனும் தலையாட்டினார்.

அப்போதுதான் தூணுக்கு அருகில் நின்றிருந்த பச்சையம்மாள் சொன்னாள். “அந்தம்மாவுக்குத்தான் அப்பவே பதினாறு பந்தி போட்டு எல்லாம் ஆச்சேம்மா.”

மூவரும் திரும்பினார்கள்.

“செய்யாதவங்க ஒருத்தங்க கீறாங்க. ரங்கம்மாள்னு. எங்கம்மாவோட தங்கச்சி. எனக்குச் சின்னம்மா.”

“இங்க வேல செஞ்சாங்களா?”

“நாங்க எட்டுப் பொம்பளைங்க நெல்லு அவிக்கிற எடத்துல வேல செஞ்சோம். எனக்கு அப்ப இருவத்திரெண்டு வயசு. ஆவி போற கொழாய் ஒருநாள் வெடிச்சிட்டுது. அவங்கதான் கிட்ட நின்னுகினு இருந்தாங்க.” பச்சையம்மாள் மேடையைக் காட்டினாள். “அந்த மேடைக்கு அடியிலதான் அவிக்கிற தொட்டி.”

பரிமளா மறுபடி வந்து உட்கார்ந்திருந்த மேடைப் படியிலிருந்து எழுந்தாள்.

“வேலூர்ல மூணு நாளு உசுரு இருந்துது. புருஷனும் இல்ல, புள்ளையும் இல்ல. அங்கியே எரிச்சிட்டு வந்தோம். மறுநாளே எல்லாரும் வேலைக்கு வரணும்னு சொல்லிட்டாங்க. அறுப்பு சீசனு, லாரி லாரியா நெல்லு நின்னுகினு இருந்துது. பதினாறாம் நாளு நாங்க இங்க அவிச்சிகினு இருந்தோம்மா.”

உள்ளறையில் ஹேமநாத் கண்காட்சிக்காகப் பதிவு செய்த தறிச் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“சும்மா கேட்டீங்களேன்னு சொன்னேன்” என்று பச்சையம்மாள் துடைப்பத்தை எடுத்தாள். “பெரியம்மா பேரே போடுங்க. உங்க கையெழுத்து ஆவட்டும்.”

மறுநாள் காலை பரிமளா கொசப்பாளையத்தில் லோகநாதன் வீட்டுக்குப் போனாள். போகிற வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். ‘உங்கம்மா நெனவா ஒரு நிகழ்ச்சி வைக்கலாம்னு இருக்கோம்யா.’ அவ்வளவுதான். ஒரே வாக்கியம். அதைச் சொல்லிவிட்டுப் பத்திரத்தை நீட்ட வேண்டியது. கூடம் பிழைத்துவிடும். பச்சையம்மாளே சரி என்று சொல்லிவிட்டாள்.

லோகநாதன் சாந்தமாக இருந்தார். செத்துப் பிழைத்ததில் கொஞ்சம் பெருமைகூட வந்திருந்தது.

“ஒக்காரும்மா. காப்பி சாப்பிடு. ஒண்ணு தெரிஞ்சிகினேன். கலசப்பாக்கத்துலேர்ந்து மால வந்துடுச்சு. பெரணமல்லூர்லேர்ந்து பத்துப் பேரு வந்தாங்க. அடுத்த தெருவுல கீறான் எம் மச்சான், அவன் வரல. கேட்டா, ‘ஞாயித்துக்கெழம கூத்துல பாத்துக்கலாம்னு இருந்தேன் மாமா’ன்றான்.” அவரே சிரித்தார். “போஸ்டர் கிழிச்சாச்சா?”

“எல்லாம் எடுத்தாச்சுங்க ஐயா. ஆனா கூத்த நிறுத்த முடியாதாம். தாம்பூலம் வாங்கிட்டாங்க. வேற யாராவது பேருக்கு ஆடணுமாம்.”

“அதுவும் சரிதான். அவங்க மொற அது. யாரு பேருக்கு?”

வாக்கியம் நாக்கு நுனியில்தான் இருந்தது. பரிமளா அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அதைச் சொன்னால் அது அதோடு நிற்காது. ஞாயிற்றுக்கிழமை மேடையில் சொல்ல வேண்டும். சென்னைக்கு எழுத வேண்டும். தினமும் காலையில் பச்சையம்மாள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்தப் பொய்யைத் தண்ணீர் ஊற்றி வளர்க்க வேண்டும். அதற்கெல்லாம் தெம்பு வேண்டும். இரண்டு வருடமாகக் குழாய்க்கும் பூட்டுக்கும் பட்டியலுக்கும் செலவழித்தது போக, அவளிடம் அவ்வளவு மிச்சமில்லை.

“ரங்கம்மாள் பேருக்குங்க ஐயா” என்றாள்.

லோகநாதன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

“யாரு சொன்னது?”

“பச்சையம்மாளோட சின்னம்மாங்களாம்.”

“நான் அன்னைக்கு ஊர்லயே இல்ல” என்றார் வேகமாக. பரிமளா எதையும் கேட்டிருக்கவில்லை. அவள் தன் காப்பியை எடுத்துக் குடித்தாள். டம்ளர் காலியானபோது அவராகவே, “இருந்தேன்” என்றார். “இருந்தேன். ஆபீஸ் ரூமுல. சத்தம் கேட்டுது. கொழாய் ஓட்டையா கீதுன்னு பத்து நாளா சொல்லிகினுதான் இருந்தாங்க. அறுப்பு முடியட்டும்னேன்.”

“ம்.”

“இன்னாத்துக்கு அத இப்பப் போயி கிளறணும்? ஊரு முழுக்கப் போஸ்டர்ல போடணுமா? எனக்கு மூணு புள்ளைங்க. பேரப் புள்ளைங்க காலேஜு படிக்குது. அந்தப் பேரு போட்டா நான் கையெழுத்துப் போட மாட்டேன். சொல்லிட்டேன்.”

“சரிங்க ஐயா.”

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. அழுவாள், கெஞ்சுவாள் என்று நினைத்திருப்பார். “சரின்னா?”

“போஸ்டர் அடிக்கல. பேரு சொல்லி ஆடறதோட சரி. ஞாயித்துக்கெழம கூத்து முடிஞ்சதும் சாவி குடுத்துடறேன். கம்ப்யூட்டரெல்லாம் எடுத்துகினு போக ஒரு வாரம் டைம் குடுங்க.”

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது அவளுக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். வந்தது வெறும் கொட்டாவி.

சென்னைக்காரர்கள் ஃபோனில் கத்தினார்கள். கிரண் ஒரு நாள் முழுக்க அவளோடு பேசவில்லை. பிறகு வந்து ஜன்னல்களின் கறுப்புத் துணியை அவிழ்க்க ஆரம்பித்தான். ஹேமநாத் தன் கண்காட்சியை இப்போதைக்குத் தள்ளி வைக்கச் சம்மதித்தான். வெள்ளிக்கிழமையும் வந்து போனது. கையெழுத்து இல்லை.

ஞாயிறு காலை எட்டு மணியிலிருந்தே ஆட்கள் வந்தார்கள். போஸ்டர் இல்லை, பத்திரிகை இல்லை. எப்படியோ செய்தி போயிருந்தது. அவிக்கிற வேலை செய்த எட்டுப் பேரில், பச்சையம்மாளைத் தவிர உயிரோடு இருந்த ஐந்து பேரும் பெரணமல்லூர் பஸ்ஸில் சேர்ந்து வந்து இறங்கினார்கள். மருமகள்கள் வந்தார்கள், பேரன்கள் வந்தார்கள். பரிமளா இரண்டு வருடத்தில் நடத்திய எந்தக் கண்காட்சிக்கும் நூறு பேருக்கு மேல் வந்ததில்லை. நாற்காலி தீர்ந்து, ஜமுக்காளம் தீர்ந்து, கிரண் திரைச்சீலையை அவிழ்த்துத் தரையில் விரித்தான்.

வேடியப்பன் கிரீடமும் தோள்கட்டையுமாக வந்து நின்றார். முகம் சிவப்பில் ஜொலித்தது. “பழைய தாம்பூலம் வேற பேருல வாங்கினது. இந்த ஆத்மாவோட வூட்டுக்காரங்க புதுசாக் குடுக்கணும். யாரு?”

பச்சையம்மாளை எல்லோரும் பார்த்தார்கள். அவள் தலையை ஆட்டினாள். “அவங்க எங்க வூட்டுல சாவல வாத்தியாரே. மில்லுலதான செத்தாங்க. மில்லுக்காரங்க குடுக்கட்டும்.”

இன்னும் சில மணி நேரத்துக்கு மில்லுக்காரி பரிமளாதான். தட்டை வாங்கினாள். வெற்றிலை, பாக்கு, பழம், ஒரு முழம் பூ. இரண்டு கையாலும் நீட்டினாள். வாத்தியார் குனிந்து வாங்கிக்கொண்டு, ரங்கம்மாள் பெயரை மூன்று முறை உரக்கச் சொன்னார். தகரக் கூரைக்கு அடியில் அந்தப் பெயர் சுற்றிவந்தது. மிருதங்கமும் முகவீணையும் எடுத்துக்கொண்டன.

கிரண் விளக்குகளைப் போடவில்லை. உயரத்து ஜன்னல்களிலிருந்து வெயில் நேராக மேடையில் இறங்கியது. போர்க்களத்தில் விழுந்த வீரன் எழுந்திருக்க முடியாமல் புரண்டு புரண்டு பாடியபோது, கிழவிகள் ஐந்து பேரும் தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். கூத்துக்கு அழுதார்களா, குழாய்க்கு அழுதார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாது. கடைசியில் வீட்டார் எழுந்து போய், வாய்க்கரிசி போல மேடையில் ஒரு கை அரிசி போட வேண்டும். பச்சையம்மாள் போட்டாள். ஐவரும் போட்டார்கள். பரிமளாவும் போட்டாள். போட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் பார்த்தாள். கேட்டுக்குப் பக்கத்தில், வெயிலில், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி லோகநாதன் நின்றிருந்தார்.

அவர் உள்ளே வரவில்லை. கூத்து முடிந்து, எல்லோரும் டீ குடித்து, பெரணமல்லூர் பஸ் போன பிறகுதான் வந்தார்.

“அரிசி மீதி கீதா?” என்று பச்சையம்மாளைக் கேட்டார்.

அவள் தட்டை நீட்டினாள். ஒரு கை எடுத்தார். எங்கே போடுவது என்று தெரியாமல் மேடையைச் சுற்றிப் பார்த்தார். பச்சையம்மாள் விரல் நீட்டி இடத்தைக் காட்டினாள். போட்டார். பிறகு வந்து, பரிமளா உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

பரிமளா சாவிக்கொத்தை எடுத்து நீட்டினாள். பதினாலு சாவிகள். அவர் வாங்கி மடியில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“இது எதுக்கு?”

“பின்பக்க ஷட்டருங்க. அப்பிடியே திருப்பினா வராது. மேல தூக்கிப் பிடிச்சிகினு திருப்பணும்.”

“இது?”

“கம்ப்யூட்டர் ரூம். மழை பெஞ்சா இறுகிக்கும். ரெண்டு சொட்டு எண்ணெய் விடணும். விட்டுட்டுப் பத்து நிமிஷம் நிக்கணும்.”

“இந்தச் சின்னது?”

“பாத்ரூம் தண்ணி வால்வுப் பெட்டிங்க. காலைல ஒம்போது மணிக்குத் தெறந்து பதினொண்ணுக்கு மூடணும். மறந்தா மோட்டார் ஓடிகினே இருக்கும். அன்னைக்குக்கூடத் திட்டினீங்களே.”

“இதுல ரெண்டு ஒரே மாதிரி கீது?”

“ஒண்ணு பழைய பூட்டோடது. எதுன்னு எனக்கே இன்னும் தெரியல. ரெண்டையும் போட்டுப் பாப்பேன்.”

லோகநாதன் கொத்தைக் கையில் எடை பார்ப்பது போல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அவர் சட்டையின் முதுகு முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. மூன்று மணி நேரம் வெயிலில் நின்றவர்.

“இதெல்லாம் என்னால ஆவாதும்மா” என்று கொத்தை அவள் மடியில் திரும்பப் போட்டார். “நீயே வச்சிக்க. பத்திரத்தை நாளைக்குக் கொண்டா.”

பரிமளா சாவிகளைப் பார்த்தாள். சந்தோஷம் வரட்டும் என்று காத்திருந்தாள். முதலில் வந்தது நாளைக் காலையின் வால்வுப் பெட்டி. அப்புறம் ரோபோக்கள், ஆணி, இன்னும் கிடைக்காத பொம்மைகள், சனிக்கிழமை வரும் பெண்கள். மெத்தையை யாரோ மெல்லச் சுருட்டி எடுத்துக்கொண்டு போவது போலிருந்தது. “சரிங்க” என்றாள்.

இருவரும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க இருவராலுமே முடியவில்லை. பச்சையம்மாள் மேடை மேலிருந்த அரிசியை முறத்தில் அள்ளி, காக்கைகளுக்கென்று கூரை ஏணியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, துடைப்பத்தோடு வந்து அவர்கள் முன்னால் நின்றாள்.

“ஏந்திரிங்க ரெண்டு பேரும்” என்றாள். “பெருக்கணும்.”